உப்புக் கோட்டை, முதல் பதிப்பு

புத்தகத்தைக் கெடுப்பது கரையான் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் கரையானைவிட மோசமானது எண்ணெய் வைத்த தலை. ஈஸிச்சேரில் சாய்ந்துகொண்டு படிப்பார்கள். தூக்கம் வந்ததும் புத்தகத்தை மடக்கித் தலைக்கு வைத்துக்கொள்வார்கள். அந்தக் கறை எந்த மருந்துக்கும் முழுதாகப் போகாது. சாக்குக்கட்டித் தூளைத் தூவி இரண்டு நாள் பாரம் ஏற்றி வைத்தால் பாதி மங்கும், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. என் டிரங்குப் பெட்டியிலிருந்து நீங்கள் எடுத்து வந்த ஒன்பது புத்தகங்களும் பக்கத்து அறை மேஜைமேல் திறந்தபடி கிடக்கின்றன. நேற்று ஏட்டையா ஒருவர் அவற்றின் மேல் டீ கிளாஸை வைத்ததைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு அவை பழைய கதைப் புத்தகங்கள்தான். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னால் போதும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எழுதுவதில் எனக்குத் தயக்கமும் இல்லை.

என் பெயர் சோலைமுத்து. வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் சேவுகம்பட்டி. அப்பா கத்தரியும் வெங்காயமும் போட்டார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பதினேழு வயதில் திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு டாக்டரிடம் சேர்ந்தேன். முதலில் பாட்டில் கழுவினேன். பிறகு மருந்து கலக்கினேன். பிறகு ஊசி போட ஆரம்பித்தேன். என் ஊசி வலிக்காது என்று ஊரில் பெயர். டாக்டர் போட வந்தால்கூட, "கம்பவுண்டரே போடட்டும் சார்" என்று சொல்லும் நோயாளிகள் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெற்றிலை, பீடி, சீட்டு எதுவும் கிடையாது. எனக்கு இருந்த ஒரே பழக்கம் யாளிதாசன்.

உங்கள் வயதுக்கு நீங்களும் அவரைப் படித்திருப்பீர்கள். மாயக்கதை என்றால் யாளிதாசன் என்று இருந்த காலம் அது. பறக்கும் மண்டபம், பேசும் பாய்மரம், நிழலை அடகு வைத்த இளவரசி எல்லாம் அவர் எழுதியவை. சாயங்காலமானால் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். ஆனால் அவர் பெயரில் தனியாக ஒரு புத்தகம்கூட இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பதிப்பாளர்கள் எல்லோரோடும் சண்டை போட்டவர். தனிப் புத்தகம் போடவே விடவில்லை. பல எழுத்தாளர்களின் கதைகளைச் சேர்த்துப் போடும் தொகுப்புகளுக்கு மட்டும் கதை கொடுப்பார். அப்படிப்பட்ட தொகுப்புகள் மொத்தம் ஒன்பது. முதலாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் வந்தது, கடைசி நாற்பத்தாறில். அதற்கு அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார்.

முதல் பதிப்புதான் வேண்டும் என்று ஏன் அலைந்தாய் என்று கேட்டீர்கள். மறுபதிப்புகளில் கை வைத்துவிட்டார்கள். உலகச் சண்டைக் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. அதனால் படங்களை எடுத்தார்கள், பத்திகளை வெட்டினார்கள், சில கதைகளின் முடிவையே விட்டுவிட்டார்கள். முதல் பதிப்பு மட்டும்தான் அவர் எழுதியது.

பத்து வருஷத்தில் எட்டைச் சேர்த்தேன். ஒன்றை அய்யலூரில் வாங்கினேன். ஆட்டுச்சந்தை நடக்கும் வியாழக்கிழமை அது. இறந்துபோன வாத்தியார் ஒருவரின் வீட்டில் அடுக்குப்பானைக்கு அடியில் இருந்தது. அவர் மனைவிக்குத் தலைவலி மாத்திரை ஒரு அட்டை கொடுத்தேன், சந்தோஷமாகக் கொடுத்துவிட்டாள். இன்னொன்று ஒரு வாசகசாலையில் இருந்தது. விற்க மாட்டோம் என்றார்கள். இரண்டாம் பதிப்பு ஒன்றை வாங்கி, முதல் பதிப்பின் அட்டையைப் பிரித்து அதற்குப் போட்டுத் தைத்து அலமாரியில் வைத்துவிட்டு, முதல் பதிப்பின் உள்பக்கங்களை எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு மாதம் கழித்துப் போய், அட்டை கிழிந்திருக்கிறது, புதிது போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அந்த அட்டையையும் வாங்கி வந்தேன். எனக்கு நன்றி சொன்னார்கள். இன்றுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. வெளியே சரியாக இருந்தால் உள்ளே யாரும் பார்ப்பதில்லை என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஒன்பதாவதாக எனக்குக் கிடைக்காமல் இருந்தது, 'உப்புக் கோட்டை முதலான பன்னிரண்டு கதைகள்'. முப்பத்தெட்டில் வந்தது. முந்நூறு பிரதிகள் அச்சிட்டு, அதில் பாதி கிடங்கிலேயே மழையில் நனைந்துபோயின. அதில் யாளிதாசன் எழுதிய 'உப்புக் கோட்டை' என்ற கதையில் ஒரு ராஜா கடலோரத்தில் உப்பாலேயே கோட்டை கட்டுகிறான். இரண்டாம் பதிப்பில், வாசல் கதவில் முதல் மழைத்துளி விழுவதோடு கதை நின்றுவிடும். முதல் பதிப்பில் அதற்குமேல் ஒன்பது வரிகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் புத்தகத்தை அதுவரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஐம்பத்தொன்பதில் பேகம்பூர் ஜமால் முகமது ராவுத்தருக்கு நீரிழிவு முற்றியது. தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஷரீஃபா, புருஷன் சிங்கப்பூரில், தகப்பனோடு இருந்தாள். தினமும் காலையில் இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி என்னை அனுப்பினார். முதல் நாள் போனபோதே பார்த்துவிட்டேன். கூடத்தில் ஒரு அலமாரி, கண்ணாடிக் கதவு, பூட்டு இல்லை. ஒன்பதும் வரிசையாக நின்றன.

ஊசி போட்டு முடித்துப் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டே, "இது உப்புக் கோட்டை முதல் பதிப்புங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, தம்பிக்கும் இந்தப் பைத்தியம் உண்டா? எடுத்துப் படிங்க. கடைசிப் பக்கத்தைப் பாருங்க. ரெண்டாம் பதிப்புல அந்தப் பாவிக வெட்டிப்புட்டாக."

நின்றபடியே படித்தேன். ஒன்பது வரிகள். உண்மையைச் சொன்னால், சுமாராகத்தான் இருந்தது. ஆனால் விஷயம் அதுவல்ல. தாளின் நிறம், ஓரத்தில் அச்சுக்கூடத்தின் சின்ன முத்திரை, வெட்டப்படாமல் இருந்த இரண்டு பக்கங்கள். அதைக் கையில் வைத்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

விலைக்குக் கேட்டேன். சிரித்தார். "விக்கிறதுக்கா வாங்கினேன்? வேணுங்கிறப்ப வந்து படிங்க, எடுத்துட்டுப் போங்க, கொண்டாந்து வைங்க. அம்புட்டுதானே."

இதுதான் அவரிடம் இருந்த கோளாறு. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். பீடி சுற்றும் பெண்கள் கொண்டுபோவார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள் கொண்டுபோவார்கள். ஒரு முடிவெட்டும் கடையில், நாற்காலிக்குப் பக்கத்தில், ஐந்தாவது தொகுப்பு கவிழ்ந்து கிடந்ததை நானே பார்த்தேன். ஒரு பக்கத்தில் மஞ்சள் கறை இருந்தது. ராவுத்தரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, "வெஞ்சனம் கொதிக்கிற வரைக்கும் படிச்சிருக்கா, பாருங்க" என்றார். அதை ஒரு பெருமையைப் போலச் சொன்னார்.

நான் கோபப்படும் ஆள் இல்லை. மூன்று வருஷம் தினமும் போனேன். ஊசி போட்டேன். சிறுநீர் பார்த்தேன். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அதனால் ஷரீஃபா படித்துக் காட்டுவாள். சில நாள் என்னையும் உட்காரச் சொல்வார். அவள் நன்றாகத்தான் படிப்பாள். பக்கத்தைத் திருப்பும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்வாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

மாற்றம் போன வருஷம் ஐப்பசியில் தெரிந்தது. ஒரு நாள் அலமாரியில் எட்டுதான் இருந்தன. உப்புக் கோட்டை இல்லை. யாருக்கோ கொடுத்திருக்கிறார் என்று பத்து நாள் பொறுத்தேன். வரவில்லை. கேட்டேன்.

"அது ஒரு இடத்துக்குப் போயிருக்கு தம்பி" என்றார். வேறு யாருக்குக் கொடுத்தாலும் பெயர் சொல்லிவிடுவார். இதற்கு மட்டும் சொல்லவில்லை. ஷரீஃபா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து கவனித்தேன். நான் வீட்டு வாசலில் நுழைந்தால் பேச்சு நிற்கும். கிறிஸ்துராஜ் என்று ஒருவர், அட்டைப்பெட்டியும் பைண்டிங்கும் செய்பவர், அடிக்கடி வந்தார். அவருக்கு மதுரையில் பழைய புத்தக வியாபாரிகளோடு பழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஒரு காலையில் அவர் கையில் நூலை வைத்து ஏதோ அளவு காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாரேங்க ராவுத்தரே" என்று எழுந்துவிட்டார். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ராவுத்தர் கேட்டார்: "தம்பி, உங்க பேரை எழுத்துல எப்படி எழுதுவீக? முன்னால என்ன எழுத்துப் போடுறது?"

"எதுக்குங்க?"

"சும்மாதான். சேவுகம்பட்டிதானே ஊரு? ஊர்ப் பேரும் சேர்த்துப் போடுவீகளா?"

ஒருவருடைய பெயரையும் ஊரையும் தலைப்பெழுத்தையும் எதற்காகக் கேட்பார்கள்? புகார் எழுதத்தான். வாசகசாலை விஷயம் எப்படியோ இவர் காதுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். கிறிஸ்துராஜ் பைண்டிங் செய்கிறவர், மாற்றித் தைத்ததை அவர் கண்டுபிடித்திருக்கலாம். என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, உப்புக் கோட்டையை மதுரைக்கு அனுப்பப்போகிறார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள், உங்கள் தொழிலே இதுதானே. அத்தனை அடையாளங்களையும் வரிசையாக வைத்தால் நீங்களும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

அவருக்கு ஒரு கெடுதலும் செய்ய நான் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் படுக்கையில் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். படுத்திருந்தால் மதுரைக்குப் போக முடியாது, விற்பனை தள்ளிப்போகும், அதற்குள் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அவர்கள் வீட்டில் இன்சுலின் பாட்டில்களை ஈர மணல் போட்ட மண்சட்டியில் குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள். அப்போது இரண்டு பாட்டில் இருந்தன. மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஏற்றினேன். ரப்பர் மூடி அப்படியே இருந்தது, லேபிள் அப்படியே இருந்தது. எடுத்த மருந்தை வேறு பாட்டிலில் விட்டு டாக்டர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். வீணாக்கவில்லை.

நீங்கள் விஷம் என்ற வார்த்தையை நேற்று இரண்டு முறை சொன்னீர்கள். அது சரியல்ல. நான் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. தண்ணீர் யாருக்கும் கெடுதல் செய்யாது.

முதல் வாரத்திலேயே தாகம் எடுக்க ஆரம்பித்தது. செம்பு செம்பாகக் குடித்தார். இடுப்புப் பெல்ட்டை இரண்டு துளை உள்ளே தள்ளிப் போட்டார். நான் வழக்கம்போலச் சிறுநீர் பார்த்தேன். குழாயில் நீல மருந்தை விட்டு, எட்டுச் சொட்டு சிறுநீர் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சளுக்கும் மேலே போய்ச் செங்கல் நிறம் வந்தால் மோசம். செங்கல் நிறம் வந்தது. அவருக்குத்தான் கண் தெரியாதே.

"என்ன கலரு தம்பி?"

"பச்சைதாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். அப்புறம் ஏன் இந்தத் தாகம்?"

"பனிக்காலம் வருதுல்லங்க, உடம்பு வறண்டுபோகும்."

டாக்டரிடமும் பச்சை என்றே சொன்னேன். அவருக்கு ஒரு நாளைக்கு நூறு நோயாளிகள். என்னை நம்பியிருந்தார். அவர்மேல் தப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஷரீஃபா ஒரு நாள் பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, இங்கன வந்து பாருங்க. அத்தா ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு மொய்க்குது. சர்க்கரை இறங்கலைன்னாத்தானே இப்படி வரும்?"

பார்த்தேன். சிற்றெறும்பு கறுப்புக் கோடுபோல ஓடிக்கொண்டிருந்தது. "சாக்கடையில எறும்பு வராம இருக்குமாம்மா? பினாயில் ஊத்துங்க" என்றேன்.

அவள் எறும்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்தேகம் என்று சொல்ல முடியாது. சந்தேகப்படத் தனக்கு மனம் வரவில்லையே என்று வருத்தப்படுகிற பார்வை. "டாக்டர் ஒருதரம் வந்து பார்த்தா தேவலை" என்றாள். சொல்கிறேன் என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோது, டாக்டர் கொடைக்கானலுக்குப் போயிருக்கிறார் என்றேன்.

மூன்றாவது வாரம் அவர் படுத்துவிட்டார். ஷரீஃபா கஞ்சி வைக்கப் போகும் நேரங்களில் தேடினேன். அலமாரி, மரப்பெட்டி, பத்தாயம், தொழுகை விரிப்பு மடித்து வைக்கும் பெஞ்சுக்கு அடியில். எங்கும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டே, "யாரு, தம்பியா? என்ன தேடுறீக?" என்றார். பஞ்சு என்று சொன்னேன்.

இனி புதன்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் முக்கியமாகக் கேட்டது அதைத்தான்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணிக்குப் போனேன். மூச்சு நீளமாக வந்துகொண்டிருந்தது. பழுத்த பழம்போல ஒரு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள் போனால் தாங்காது என்றும் தெரியும். அதனால்தான் அன்று என் பையில் நல்ல மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தேன். இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். போட்டுவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போனேன். டாக்டரையும் அழைத்து வந்துவிடலாம் என்றுகூட வழியில் நினைத்தேன்.

ஊசியை எடுத்து, மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை லேசாக இருந்தது.

"தம்பி, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இப்ப வேணாம். வெள்ளிக்கிழமை வரட்டும். கிறிஸ்துராசு வாரேன்னிருக்காரு. அவரு வந்ததும் சொல்றேன்."

"என்ன விஷயங்க?"

"வெள்ளிக்கிழமை" என்றார். அந்த நிலையிலும் ஒரு சிரிப்பு.

வெள்ளிக்கிழமை கிறிஸ்துராஜ் வருவார். புத்தகம் கைமாறும். என் பெயர் எழுதிய காகிதமும் கைமாறும். அதையும் இந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சொல்கிறார். பையிலிருந்த பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, சட்டியில் இருந்ததை எடுத்தேன். எப்போதும்போல மெதுவாகத்தான் போட்டேன்.

"நோவே தெரியல தம்பி" என்றார். பிறகு அவர் பேசவில்லை. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் இறந்தார்.

நான் அடக்கத்துக்குப் போனேன். சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். ஊரே வந்திருந்தது. முடிவெட்டும் கடைக்காரர் சுவரில் தலையை வைத்து அழுதார். வெள்ளிக்கிழமை நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். கிறிஸ்துராஜ் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து, வீட்டுக்குள் போய், வெறுங்கையோடு திரும்பினார். கண் சிவந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்க வந்தவர் எதையோ கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் காலை, ஷரீஃபா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முதலில் டாக்டரிடம் போய், "அத்தாவுக்கு வாங்கின மருந்து ரெண்டு பாட்டில் மிச்சம் கிடக்கு சார். ஒண்ணுல பாதிதான் எடுத்திருக்கு. வாங்க வழியில்லாதவுக யாருக்காச்சும் போடுங்க" என்று மண்சட்டியோடு மேஜைமேல் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து அந்தக் காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"அண்ணே, இது உங்களுக்கு. அத்தா ரெண்டு மாசமா இதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாக. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எனக்குக் கண்டிஷன். வெள்ளிக்கிழமை தன் கையால கொடுக்கணும்னு இருந்தாக."

பிரித்தேன். நீலத் துணி ஒட்டிய அழகான பெட்டி. என் பெயர், முன்னெழுத்து, ஊர் எல்லாம் தங்க எழுத்தில் பொறித்திருந்தது. உள்ளே உப்புக் கோட்டை. முதல் பதிப்பு. தளர்ந்திருந்த தையலைக் கிறிஸ்துராஜ் பழைய நூல் மாதிரியே நூல் தேடி இறுக்கியிருந்தார். நல்ல வேலை.

அந்தச் சமயத்தில் டாக்டர் அந்த இரண்டு பாட்டிலையும் என்னிடம் கொடுத்து, "நம்ம மூக்காயிக்கு வச்சுக்கோ" என்றார். மூக்காயி வெங்காயப் பேட்டையில் காய் பிரிக்கிறவள். இவளுக்கும் தினமும் ஊசி. அந்தப் பாட்டில்களைக் கொட்டிவிட்டு நல்லதை வைக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். நல்ல மருந்து பத்தடி தூரத்தில் குளிர்ப்பெட்டியில் இருந்தது. ஆனால் வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது, புத்தகத்தைச் சீக்கிரம் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. மாற்றுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் உறை போடும் வேலை இருந்தது. நான்கு நாள் அவளுக்கு அதையே போட்டேன்.

"உன் ஊசி பூ மாதிரி இருக்கு அப்பு. ஆனா தாகம்தான் தொண்டையைப் பிடிக்குது" என்றாள். ஐந்தாம் நாள் பேட்டையில் மூட்டைமேல் சரிந்தாள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் தன் கையால் வேறு மருந்து போட்டார். பிழைத்துக்கொண்டாள். இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

அன்று மாலை டாக்டர் அந்தப் பாட்டிலில் ஊசியைக் குத்தி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பார்த்தார். இன்சுலினுக்கு ஒரு மருந்து வாடை உண்டு. இதற்கு எதுவும் இல்லை. இன்னொரு பாட்டிலையும் முகர்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சோலைமுத்து, ராவுத்தருக்குக் கடைசி வரைக்கும் பச்சைன்னுதானே சொன்னே?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவர் பேகம்பூருக்குப் போய் ஷரீஃபாவிடம் பேசினார். எறும்பைப் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் என்னிடம் காட்டிய பக்கத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். உப்புக் கோட்டையின் முதல் தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது, சாட்சியத்தை அழிக்கப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. ராவுத்தர் அந்தத் தாளில், கண் தெரியாத நிலையில், கோணல் மாணலாகப் பேனாவால் எழுதியிருந்தார்: 'சோலைமுத்துத் தம்பிக்கு. மூன்று வருஷம் நோகாமல் ஊசி போட்ட கைக்கு. ஜமால் முகமது.' மை அடுத்த பக்கம்வரை ஊறியிருந்தது. முதல் பதிப்பில் இப்படி எழுதினால் பிரதியின் மதிப்பே போய்விடும். மை போக்கும் மருந்து தடவிப் பார்த்தேன். தாள் பழசு, தாங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மற்றபடி அந்தப் பிரதியில் குறை ஒன்றும் இல்லை.

ஜமால் முகமது ராவுத்தர் இறக்கும்படி செய்தது நான்தான். மூக்காயி சரிந்து விழுந்ததற்கும் நான்தான் காரணம். இதை எந்த நீதிபதி முன்னாலும் சொல்வேன். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் நியாயமாக எடை போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் புத்தகம் எனக்குத்தான் என்று ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார். ஒளித்து வைத்தது அவர். என் பெயரைக் கேட்டுவிட்டு எதற்கென்று சொல்லாமல் மழுப்பியது அவர். புதன்கிழமை சொல்ல வேண்டியதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியதும் அவர்தான். மூன்று வருஷம் பழகிய ஒருவனிடம் இப்படி நடந்துகொள்ளலாமா?

இதையெல்லாம் நான் ஷரீஃபாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். தகப்பனை இழந்த பெண். அவர் எனக்குச் செய்ததைக் கேட்டால் மனசு தாங்கமாட்டாள்.